தாடி மழித்து வந்தவன்

எங்கள் வரிசை வீடுகளுக்குச் சுவர் மெல்லிசு. புயலில் எல்லாம் பறிகொடுத்தவர்களுக்காகக் கடலை விட்டுத் தள்ளி, குன்றடியில் கட்டிக்கொடுத்தவை. குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டில் தினமும் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் சந்தையில் விற்றது போக மிஞ்சிய வாழைப்பழ வறுவலைக் கொடுக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரி பெர்பெத்துவா தனியாக உட்கார்ந்து டிவியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"உலகம் அழிஞ்சு ஏழு வருஷமாம். இவ தலைமுடியைப் பாருடி! இப்பத்தான் பார்லர்லேர்ந்து வந்த மாதிரி."

கொள்ளைநோயும் வெள்ளமும் வந்து ஊர்களெல்லாம் அழிந்தபின் மிஞ்சியவர்களைப் பற்றிய தொடர் அது. அன்றிலிருந்து நானும் போய் உட்கார ஆரம்பித்தேன். என் வீட்டிலும் நான் ஒருத்திதான். அவள் எனக்கு மூத்தவள் என்பதால், எங்கள் ஊர்ப் பேச்சில் அக்காவைக் கூப்பிடுவதுபோல், மானா என்று கூப்பிடுவேன்.

"ஏழு வருஷத்துப் பெட்ரோல்ல வண்டி ஓடுது பாரு. நமக்குப் புயலடிச்ச ரெண்டாம் வாரமே ஈரமில்லாத தீப்பெட்டி கிடைக்கல."

"கதைதானே, மானா."

"கதைன்னா? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? தண்ணிக்கு ஒருத்தராவது அலையுறாங்களா? ஒருத்தருக்காவது வயித்தால போகுதா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். அவளும் சிரிப்பாள். அவள் கணவன் எலிசியோ, படகைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று புயலன்று காலையில் போனவர். உடல் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். கல்லறைத் திருநாளில் புயலில் செத்தவர்களைப் புதைத்த பொதுப்புதைகுழிக்கு ஊரே போகும். அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள். "அங்க யார் கிடக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்பாள்.

அக்டோபர் கடைசி வாரத்தில் அந்தப் பகுதி வந்தது. தொடரின் ஆரம்பத்தில் நாயகியின் கணவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இப்போது அவன் கதவைத் தட்டினான். மழமழவென்று மழித்த முகம், வெள்ளைச் சட்டை. நாயகி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். எதிர்க் கடையில் டிவி பார்த்தவர்கள் கை தட்டியது இங்கே வரை கேட்டது.

மானா கைதட்டவுமில்லை, திட்டவுமில்லை. எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

"நீ போடி" என்றாள்.

அடுத்த சில நாட்கள் சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை. நான் எதிர்க் கடையில் நின்று மீதியைப் பார்த்தேன். தொடரை விட அவளுடைய வசவுதான் எனக்கு வேண்டியிருந்தது. தாங்காமல் ஒரு மத்தியானம் போய்க் கதவைத் தட்டினேன்.

"எங்க இருந்தானாம் அவன்?" கதவைத் திறந்ததும் அதைத்தான் கேட்டாள்.

"சொல்லவே இல்ல, மானா."

"என்ன சாப்பிட்டானாம்?"

"அதையும் சொல்லல."

"ஏழு வருஷம் உசுரோட இருந்தவன் ஏன் வீட்டுக்கு வரலைன்னு அவளாவது கேட்டாளா?"

"கேக்கல. கல்யாண விருந்து மாதிரி ஆடுறாங்க."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எலிசியோவுக்குச் சோறு வடிக்கத் தெரியாதுடி. நீச்சலும் சுமார்தான். உசுரோட இருந்திருந்தா மறுநாளே பசிக்குதுன்னு வந்து நின்னிருப்பார். தவழ்ந்தாவது வந்திருப்பார்." முந்தானையை இழுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவனை மாதிரி வருவார்னு நானும்தானே இத்தனை நாள் உக்காந்திருந்தேன். எனக்கும் அந்தக் கதை எழுதினவனுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கல்லறைத் திருநாளன்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். புல்வெளி நிறைய வெள்ளைச் சிலுவைகள். எந்தச் சிலுவையின் கீழே யார் என்று எவருக்கும் தெரியாது. ஆளுக்கொன்றைத் தேர்ந்து பெயர் எழுதியிருந்தார்கள். ஓரமாகப் பெயரில்லாத ஒன்று சாய்ந்து நின்றது. அதை நிமிர்த்தி மண்ணை மிதித்து இறுக்கினாள். கரியால் "எலிசியோ" என்று எழுதினாள். இலையில் கட்டிய சோற்றைப் பிரித்து வைத்து, மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்து ஏற்றினாள்.

"உங்களுக்குப் பிடிச்ச மீன் கிடைக்கல. இன்னைக்கு இது போதும்" என்று சிலுவையிடம் சொன்னாள்.

பிறகுதான் அழுதாள். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சாலையோரம் போய் நின்றேன். ஊருக்குத் திரும்பும் ஜீப்னி வண்டி வந்து நின்று ஒலியெழுப்பியது. அவள் எழுந்திருப்பதாக இல்லை. வண்டியைப் போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.