பெட்டி மட்டையில் விஞ்ஞானம்

பிஸ்கட் பெட்டியைப் பிரித்து மடியில் விரித்திருக்கிறேன், உட்பக்கம் வெளிறிய மண்ணிறம், பென்சிலை அழுத்தினால்தான் எழுத்து விழும், வட்டத்தின் ஆரை தொடலிக்குச் செங்குத்து, சொல்லுகிறவள் கஜந்தினி, எழுதுகிறவள் நான், கூடாரத் தறப்பாளின் நீலம் இரண்டு பேரின் முகத்திலும் விழுந்து தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கிறது, வெளியே தண்ணீர் பவுசர் வண்டிக்கு வரிசை நிற்கிறது, யாரோ வாளிக்குச் சண்டை பிடிக்கிறார்கள், கெதியா எழுதடி, பிறகு எனக்கு மறந்துபோகும் என்கிறாள், நான் எழுதுகிறேன், இப்போதும் கண்ணை மூடினால் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். யுத்தம் முடிந்து முகாமுக்குள் வந்து கொஞ்ச நாளிலேயே ஒலிபெருக்கியில் சொன்னார்கள், சாதாரணதரப் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளைகள் பதியலாம், மார்கழியில் சோதினை. என்னத்தை வைத்துப் படிப்பது, என் கொப்பிகள் கடலேரிக்குள் போய்விட்டன, கழுத்தளவு தண்ணீரில் அம்மா தம்பியைத் தலைக்கு மேல் தூக்கியபோது புத்தகப் பையை விடவேண்டி வந்தது, விடாமல் என்ன செய்வது, கஜந்தினியின் கொப்பிகள் வீட்டோடு எரிந்தன. நான் அழுதேன், அவள் அழவில்லை, தலை மிஞ்சியிருக்குத்தானே, அதுக்குள்ள இருக்கிறதை வெளியில எடுப்பம் என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது, கணிதம் அவளுடைய தலையில் இருந்தது, தமிழும் வரலாறும் சைவமும் என்னுடையதில், நிவாரணப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினோம், மட்டைகளில் துளைபோட்டு அம்மாவின் பழைய சேலைக் கரையால் கோர்த்தோம், ஒரு குளத்தைக் கட்டிய அரசனின் பெயர் நாள் முழுவதும் வராமல் சோற்றுக்கு நிற்கும்போது வந்தது, கோப்பையை அப்படியே கஜந்தினியிடம் கொடுத்துவிட்டு எழுத ஓடினேன், அம்மா பின்னாலிருந்து கத்துகிறார், உனக்கென்ன பைத்தியமோ. ஆனால் விஞ்ஞானம் இல்லை, அது எங்கள் இரண்டு தலையிலும் ஒட்டவில்லை, ஒளிமுறிவு பாதி, அமிலம் கால்வாசி, இதயம் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வரிசையின் கடைசிக் கூடாரத்தில் துளசிகா இருந்தாள், கல்வி வலயத்திலேயே விஞ்ஞானத்தில் முதலாவதாக வந்தவள், பரிசளிப்பு விழாவில் பார்த்திருக்கிறேன், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையும் கையில் கேடயமுமாக, இப்போது அவளும் அப்பாவும் மட்டும்தான், அம்மாவும் தங்கச்சியும் ஷெல் விழுந்து பங்கருக்குள்ளேயே போய்விட்டார்கள், அவள் யாரோடும் கதைப்பதில்லை என்றார்கள்.

போனோம், கூடார வாசலில் இருந்தோம், அவள் எங்களைப் பார்க்கவுமில்லை, போகச் சொல்லவுமில்லை, மறுநாளும் போனோம், அதற்கடுத்த நாளும், துளசி, எங்களுக்கு விஞ்ஞானம் மட்டும் சொல்லித் தாவன் என்று கஜந்தினி கேட்டுக்கொண்டே இருந்தாள், அவளுக்கு வெட்கமே இல்லை, அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் துளசிகா வாய் திறந்தாள், குரல் கரகரத்திருந்தது, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா நான் கடைசியாப் படிச்சது பங்கருக்குள்ள, அதை எடுக்கப் போனா அம்மாவும் வருவா, தங்கச்சியும் வருவா, அவையை விட்டிட்டுப் பாடத்தை மட்டும் எடுக்க எனக்குத் தெரியேல்ல. கஜந்தினி அல்ல, நான்தான் சொன்னேன், எங்கிருந்து வந்தது அந்தத் துணிவு என்று இன்றைக்கும் தெரியாது, எல்லாத்தையும் சொல்லு துளசி, பாடத்தை எழுதுறம், மற்றதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறம்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், உடலிலிருந்து வரும் குருதி வலது சோணையறைக்கு வருகிறது, அங்கிருந்து வலது இதயவறைக்கு, தங்கச்சி என்ர கொப்பியின்ர ஓரத்தில பூனை கீறுவாள், அவளுக்கு ஒரு அடி போட்டன், வலது இதயவறை சுருங்கக் குருதி நுரையீரலுக்குப் போகிறது, பாடம் சொல்லும் குரலும் அவர்களைச் சொல்லும் குரலும் ஒன்றாகவே இருந்தது, ஏற்றமுமில்லை இறக்கமுமில்லை, நான் குனிந்து எழுதுகிறேன், கஜந்தினி என் தோளைப் பிடித்திருக்கிறாள், துளசிகாவின் அப்பா வெளியே போய் வேலிப் பக்கம் பார்த்தபடி நிற்கிறார். அன்றைக்கு இதயம் முடிந்தது, அடுத்தடுத்த நாட்களில் ஒளி, ஒலி, உலோகங்கள், பச்சையம், ஒவ்வொன்றும் அவர்களோடு சேர்ந்தே வந்தது, தங்கச்சி சிரித்தாள், அம்மா கஞ்சி காய்ச்சினார், மின்னோட்டம் மின்தடையில் பாய்ந்தது, சில நேரம் அவள் பாதியில் நிறுத்திவிடுவாள், நாங்கள் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்போம், பிறகு மீண்டும் தொடங்குவாள்.

மட்டைகள் கூடாரம் கூடாரமாகப் போயின, வேறு பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள், பால்மாப் பெட்டியில், பழைய நாட்காட்டித் தாளில். ஒரு பின்னேரம் இரண்டு வரிசை தள்ளியிருந்த ஒரு பிள்ளை தன் மட்டையோடு வந்தாள், அக்கா, இதில ஒரு சந்தேகம், குருதி நுரையீரலுக்குப் போகிறது எண்டதுக்குப் பிறகு, அம்மா விளக்கைக் கொஞ்சம் இஞ்சால பிடியுங்கோ எண்டு இருக்கு, இதையும் பாடமாக்கவேணுமோ? துளசிகா ஒரே குரலில் சொன்னதில் என் கை அதையும் சேர்த்து எழுதியிருக்கிறது, அது எத்தனையோ கூடாரங்களுக்குப் போய்விட்டது, எத்தனையோ பிள்ளைகள் வாய்விட்டுப் படித்திருப்பார்கள். பக்கத்திலிருந்த துளசிகா அந்த மட்டையை வாங்கி வாசித்தாள், மறுபடி வாசித்தாள், கோடுபோட்டு அழிக்கச் சொல்வாள் என்று நான் பென்சிலைக் கையில் எடுத்தேன், அவள் என் கையைப் பிடித்தாள், விடு, இருக்கட்டும். பிறகு அந்தப் பிள்ளையிடம், சோதினையில எழுதாத, ஆனா அழிக்காத என்றாள். அந்தப் பிள்ளை போன பிறகுதான் அழுதாள், முகாமுக்கு வந்து அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான், அழுது முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோதினைக்கு எங்க பதியிறது என்று கேட்டாள்.

இப்போது நான் படிப்பிக்கும் வகுப்புப் பிள்ளைகள் எல்லாப் பாடக் குறிப்புகளையும் கைபேசியில் இறக்கி வைத்திருக்கிறார்கள், நல்லதுதான், நான் கரும்பலகையில் இதயத்தைக் கீறும்போது விரல்களுக்கிடையில் வெண்கட்டி பென்சிலாகிவிடுகிறது, சுவர்கள் நீலத் தறப்பாளாகின்றன, அந்த மார்கழியின் பரீட்சைக் கொட்டகைக்குள் விஞ்ஞானத் தாள் கொடுக்கிறார்கள், துளசிகா எனக்கு முன் வரிசையில், அவள் பேனாவை எடுக்கவில்லை, மற்றவர்கள் எழுதுகிறார்கள், அவள் மேசையைப் பார்த்தபடி இருக்கிறாள், எனக்கு என் கேள்விகள் தெரியவில்லை, அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிகிறது, எழுதடி, எழுதடி என்று மனதுக்குள் கெஞ்சுகிறேன், அவள் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது, யாரோ பக்கத்திலிருந்து சொல்வதைக் கேட்பதுபோல், பிறகு பேனாவை எடுத்தாள், எடுத்தவள் நிறுத்தவில்லை, கடைசியில் கையை உயர்த்தி மேலதிகத் தாள் கேட்டாள்.

பெறுபேறு வந்தபோது நாங்கள் ஆளுக்கொரு ஊரில் குடியேறியிருந்தோம், கஜந்தினிக்கு ஆங்கிலம் மட்டும் கையைவிட்டது, அடுத்த வருசம் பிடித்துவிட்டாள், துளசிகாவின் பரீட்சைச் சுட்டெண் எனக்கு மனப்பாடம், அவளுடைய பெறுபேற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு சைக்கிளில் போனேன், கூரையில்லாத வீடுகள், பனைகளுக்குத் தலையில்லை, அவளுடைய வளவில் அப்பா கிணற்றுக்கட்டில் நின்று கயிறு இழுக்கிறார், அவள் கிணற்றுக்குள் நின்று சேறு அள்ளுகிறாள். குனிந்து கத்தினேன், துளசி, விஞ்ஞானம் ஏ! கிணற்றுக்குள்ளிருந்து கேட்டாள், மற்றதுகள்? எல்லாம் பாஸ், வரலாறுதான் சாதாரண சித்தி. அது நீ சொல்லித் தந்ததுதானே என்றாள், கிணறு முழுக்கச் சிரிப்புக் கேட்டது, அப்பா இழுத்த வாளியை வைத்துவிட்டு அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

மேலே ஏறி வந்தாள், முழங்கால்வரை சேறு, உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு எங்க இருக்கு? டவுனிலதான், இஞ்சயிருந்து சரியான தூரம், பஸ்ஸும் ஓடேல்ல என்றேன். அப்பா தயங்கினார், முதல்ல வீட்டைக் கட்டுவம் பிள்ளை, அடுத்த வருசம் பாப்பம். நீங்கள் கட்டுங்கோ அப்பா, நான் வெள்ளெனப் போயிட்டுப் பின்னேரம் வந்து கல்லுத் தூக்கித் தாறன் என்றாள், சொல்லிக்கொண்டே என் சைக்கிளை எடுத்தாள், சேற்றுக் காலோடு ஏறி மிதித்தாள், படலை இல்லாத வாசலால் வெளியே போய் டவுன் பக்கம் திருப்பினாள், எங்கயடி போறாய் என்று கத்தினேன், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாத்துக்கொண்டு வாறன்.