டேப் சுத்துன வயரு

அப்பா செத்த அன்னைக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாம். எங்க சொந்தக்காரப் பொம்பளைக இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிட்டுத் திரியுறாக. பேசட்டும். அன்னைக்கு எனக்கு அழுக எங்க நேரம் இருந்துச்சு? மாடிக்கும் கீழுக்கும் ஓடி ஓடி முட்டிக்கால் ரெண்டும் கழண்டு போச்சு.

எல்லாம் அந்த நெட்டுப் பொட்டியால வந்த வினை. பச்சையா எரிய வேண்டிய லைட்டு செவப்பா எரிஞ்சுக்கிட்டு என் உசுர எடுத்துச்சு.

எங்க வீடு அகரத்துல இருக்கு. தெருவே பள்ளத்துல கெடக்கும். செல்போனு டவரு எடுக்காது. அவசரத்துக்குப் பேசணும்னா மாடி ஏறி, பின்பக்கத்துத் தண்ணித் தொட்டி மேல நிக்கணும். அதுக்குத்தான் எந்தம்பி கமலக்கண்ணன் வீட்டுக்கு நெட்டு லைன் இழுக்க வச்சான். அவன் ரியாத்துல கட்டட வேலை பாக்குறான். ஊருப்பக்கம் வந்து நாலு வருசமாச்சு. தினம் வேலை முடிஞ்சு வீடியோவுல வருவான். அப்பா அதுக்குன்னு சட்டையப் போட்டு, தலையச் சீவி, டிவி ஸ்டாண்டு முன்னாடி உக்காந்துருவாரு. “சாப்டியாப்பு? என்ன வெஞ்சனம்?” “சாப்டேன்ப்பா. பருப்பு.” அம்புட்டுத்தான் பேச்சு. அதையே தெனமும் பேசுவாக, சலிக்கவே சலிக்காது.

சனிக்கிழமை நெஞ்சு வலின்னு திண்டுக்கல்லுல ஆஸ்பத்திரியில சேத்தோம். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில போயிட்டாரு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுதான் தம்பிக்கு போன் போட்டேன்.  அவன் சொன்னான்: “பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்ட இருக்குக்கா. குட்டிக்கரணம் போட்டாலும் விடமாட்டாய்ங்க. வேலையில போனு வச்சுக்க விடமாட்டாய்ங்க. சாப்பாட்டு நேரத்துல வாங்கிருவேன். அப்ப உங்களுக்கு மதியம் தாண்டிருக்கும். அதுக்கு மேல எடுக்குற வரைக்கும் என்னையக் கட் பண்ணாத. அப்பா தலைமாட்டுல போன வச்சுரு.”

“முகத்த போட்டோ எடுத்து இப்பவே அனுப்பட்டுமாடா?”

“போட்டோ வேணாங்க்கா. பொணத்த போட்டோல பாக்கவா? அவரு போகையில நானும் அங்க இருக்கணும்.”

“இருப்படா. அதுக்கு நானாச்சு”ன்னு சொன்னேன். பெருசா வாக்குக் குடுத்தேன் பாருங்க.

அப்பாவ ஆம்புலன்ஸுல கொண்டாந்து எறக்குறதுக்குள்ள எங்க சித்தப்பா பெருமாள்சாமி ஹால ஒழிச்சு வச்சுட்டாரு. அப்பாவுக்கு ஒரே தம்பி. வேடசந்தூர் மில்லுல முப்பது வருசம் எலெக்ட்ரீசியனா இருந்தவரு. எழவு வீட்டுல டிவி கண்ணுல படக்கூடாதுன்னு ஸ்டாண்டோட நகட்டி, பின்னறையில சொவத்தப் பாக்கத் திருப்பி, மேல ஒரு போர்வையையும் போத்தி வச்சிருந்தாரு. நெட்டுப் பொட்டி மட்டும் ஹால் மூலையில ஸ்டூல் மேல இருந்துச்சு. ஐஸ் பெட்டிய வச்சு, பிளக்க மாட்டி, அப்பாவ உள்ள படுக்க வச்சு நிமிந்தா, செவப்பு லைட்டு.

அணைச்சுப் போட்டேன். மறுபடியும் அணைச்சுப் போட்டேன். துடைச்சேன். தட்டுனேன். கும்பிடக்கூடச் செஞ்சேன், சிரிக்காதீக. செவப்பு செவப்பாத்தான் எரிஞ்சுச்சு.

“கம்பெனிக்காரன் எங்கிட்டாச்சும் ரிப்பேரு பாப்பான். தானா வந்துரும்”னாரு சித்தப்பா. அவரு மூஞ்சி ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அண்ணன் செத்த துக்கம்னு நெனச்சேன்.

தண்ணித் தொட்டி மேல ஏறி கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பொம்பள கொரலு, தமிழுக்கு ஒன்னை அமுக்குங்கன்னுச்சு. அமுக்குனேன். புகாருக்கு ரெண்டுன்னுச்சு. அமுக்குனேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு சொல்லிட்டுப் பாட்டப் போட்டு விட்டுச்சு. கீழ கொட்டுக்காரங்க வந்து அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு காதுல அந்தப் பாட்டு, ஒரு காதுல எழவுக் கொட்டு. போன வீசி எறிஞ்சுருப்பேன். ஆனா அது ஒன்னுதான் கையில இருந்துச்சு.

அப்பறம் எங்க ஏரியாவுக்கு லைன் பாக்குற இளஞ்செழியனுக்கு அடிச்சேன். நல்ல பய. ரெட்டியார்சத்திரத்துல காதுகுத்து விருந்துல இருந்தான். பந்திச் சத்தம் கேட்டுச்சு. விசயத்தச் சொல்லவும், “இந்தா கெளம்பிட்டேங்க்கா. வயரு ஒட்டுற மிசினு திண்டுக்கல்லுல இருக்கு, அத எடுத்துக்கிட்டு வாரேன்”னான். எலையில பாதியில எந்திரிச்சிருப்பான் போல.

கீழ எறங்குனா, மதுரையிலருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, மாலையப் போட்ட கையோட எங்கிட்ட வந்து, “வைஃபை பாஸ்வேர்டு என்னங்க?”ங்குறான். அவன நான் பாத்த பார்வையில நாற்காலியத் தூக்கிக்கிட்டு தெருவுக்கே போயிட்டான்.

மதியம் தாண்டி தம்பி கூப்புடுற நேரத்துக்கு நான் தொட்டி மேல நின்னேன். கூப்புட்டான். மூஞ்சி கட்டம் கட்டமா வந்து நின்னுச்சு. தலையில மஞ்சத் தொப்பி, மூஞ்சியெல்லாம் சிமிட்டி.

“அப்பா எங்கக்கா?”

“கீழ இருக்காருடா. நெட்டு போயிருச்சு. ஆளு வாரான். செத்த பொறு.”

“எப்ப எடுக்குறாக?”

“நாலு மணிக்குடா. நாலரைக்கு ராகு காலம் பொறந்துருதாம்.”

 அழுகுறான்னு தெரியுது, படந்தான் அசையலை. அந்த நேரத்துல எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த டவரு எங்கன இருந்தாலும் போயி வேரோட பிடுங்கிருப்பேன்.

பக்கத்து வீட்டு பர்ஹானா ஓடியாந்துச்சு. “நான் என் போனோட தொட்டி மேல நிக்கிறேன், அதுலருந்து உங்க போனுக்கு நெட்டக் குடுக்குறேன், நீங்க கீழ போங்கக்கா”ன்னுச்சு. நல்ல ரோசனைதான். அது வெயில்ல தொட்டி மேல நிக்க, நான் படி எறங்குனேன். பாதிப் படி வரைக்கும் தம்பி இருந்தான். அதுக்குக் கீழ காலு வைக்கவும் போனுல வட்டம் சுத்த ஆரம்பிச்சிருச்சு. ஒரு படி மேல ஏறுனா வாரான், எறங்குனா போறான். பாதிப் படியில நின்னுக்கிட்டு நான் என்ன செய்ய? அப்பாவ எந்திரிச்சு வரச் சொல்லவா?

தண்ணி எடுக்க நீர்மாலைக்குப் போனவுக வந்தாச்சு. குளிப்பாட்டுறதுக்கு அப்பாவ வெளி முத்தத்துக்குக் கொண்டாந்தாக. வெட்டவெளிதானேன்னு நான் மறுபடியும் மாடிக்கு ஓடுனேன். தொட்டி மேல ஏறி எட்டிப் பாத்தா முத்தம் தெரியும். மேலருந்தாச்சும் காமிச்சிரலாம்னு போன நீட்டுனேன்.

“தெரியுதாடா?”

“என்னக்கா, துணிதான் தெரியுது.”

குனிஞ்சு பாத்தா, முத்தம் முழுக்க சாமியானா! செவப்பும் நீலமும் போட்ட துணி. அதுக்கு அடியில தண்ணி ஊத்துற சத்தம், குலவைச் சத்தம். எந்தம்பி சவூதில நின்னுக்கிட்டு அந்தத் துணியப் பாத்துக்கிட்டே இருந்தான். “ஏலே, அந்தப் பந்தல் துணிய ஒரு ஓரம் அவுத்து விடுங்கடா!”ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். கொட்டுச் சத்தத்துல எவன் காதுல விழும்? விழுந்தவுகளும், அப்பன் செத்ததுல புள்ளைக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு உச்சுக் கொட்டுனாக.

இளஞ்செழியன் வந்து சேந்தப்ப வாய்க்கரிசி போட ஆரம்பிச்சிருந்தாக. பைக்க நிறுத்துனானா இல்லையான்னுகூடத் தெரியலை, உள்ள ஓடியாந்தான். பொட்டியப் பாத்தான். அதுலருந்து போற மெல்லிசு வயரத் தடவிக்கிட்டே சன்னல் வரைக்கும் போனான். சன்னலுக்குக் கீழ நின்னுட்டான்.

“யாருக்கா இதுக்கு டேப் சுத்துனது?”

கறுப்பு டேப்பு. கரண்டு வயருக்குச் சுத்துவாகளே, அது. அழகா, இறுக்கமா, ஒரு சுருக்கம் இல்லாமச் சுத்தியிருந்துச்சு. அந்த மாதிரிச் சுத்த எங்க வம்சத்துல ஒரே ஆளுதான். திரும்பிப் பாத்தேன். சித்தப்பா தூணுக்குப் பின்னாடி நின்னாரு.

“டிவிய நகட்டும்போது பட்டுன்னு போயிருச்சு தாயி. பல்லுல தோலக் கடிச்சு உரிச்சு, முறுக்கி, டேப்பச் சுத்திவிட்டேன். பச்சை லைட்டு எரிஞ்சுரும்னு நெனச்சேன்.”

“அய்யா, இது செம்பு இல்ல, கண்ணாடி”ன்னான் இளஞ்செழியன். “முறுக்குனா நொறுங்கிரும். இதுக்குள்ள வெளிச்சந்தான் போகும்.”

“வெளிச்சமா?”ன்னாரு சித்தப்பா. முப்பது வருசம் மில்லு முழுக்க வயரு இழுத்தவரு, வாயத் தொறந்தபடி நின்னாரு.

“காலையிலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான! நாள் பூரா நாயா அலையுறேனே, பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு? ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்குற முத்து உதுந்துருமா?” எழவு வீடுன்னும் பாக்கலை, சித்தப்பான்னும் பாக்கலை. கத்துனேன். ஊரே பாத்துச்சு. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சொல்லப் பயந்துட்டாரு மனுசன். பெறகு பாவமா இருந்துச்சு, அன்னைக்கு இல்லை.

இளஞ்செழியன் மிசின விரிச்சான். நொறுங்குனத வெட்டிட்டு ஒட்டுனான். லைட்டு அப்பவும் செவப்பு. வெளிய ஓடிப் பாத்தான். சாமியானாக் கயித்த இழுத்துக் கட்டுன எடத்துல அங்கிட்டும் ஒரு முறிவு. “கம்பத்துலருந்து புதுசா இழுக்கணுங்க்கா. ஒரு மணி நேரமாச்சும் ஆகும்.”

வாசல்ல பாடை தயாரு. “நேரமாச்சு, நேரமாச்சு”ன்னு பெரியாளுக பறக்குறாக. என் வீட்டுக்காரரு பேசிப் பாத்தாரு, ஒருத்தரும் கேக்கலை. அப்பாவத் தூக்கிட்டாக. நான் அப்படியே படியில உக்காந்துட்டேன். அம்புட்டுத்தான், போச்சு. எந்தம்பிக்கு நான் என்ன பதிலச் சொல்லுவேன்?

இளஞ்செழியன் வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி நின்னவன், திடீர்னு, “அக்கா, வாய்க்காப் பாலத்துல டவரு ஃபுல்லா எடுக்குமே! அங்கிட்டுத்தான போறாக?”ன்னான்.

எங்க ஊரு வழக்கம், சுடுகாட்டுக்குப் போற வழியில வாய்க்காப் பாலத்துல பாடைய எறக்கி வைப்பாக. தலைமாடு கால்மாடு திருப்பிட்டுத் திரும்பத் தூக்குவாக. ஆனா பொம்பளைக தெருமுக்கு வரைக்குந்தான். அதுக்கு மேல காலெடுத்து வைக்கக்கூடாது. எங்கம்மாவுக்கும் நான் முக்குல நின்னு விழுந்து கும்பிட்டுத்தான் திரும்புனேன்.

தெருமுக்குல பொம்பளைக எல்லாம் நின்னுட்டாக. நான் நிக்கலை. தலைய விரிச்சுப் போட்டபடி, கையில போனோட, ஆம்பளைகளுக்குள்ள புகுந்து நடந்தேன். “ஏய் பாண்டிச்செல்வி, எங்க போற?”ன்னு பின்னாடி ஒருத்தி கத்துனா. கொள்ளிச் சட்டியப் பிடிச்சு முன்னாடி போனது சித்தப்பாதான். தம்பி இல்லாததால அவருதான் கொள்ளி. திரும்பிப் பாத்தாரு. கூட வந்த பெரியாளு ஒருத்தரு, “என்ன பெருமாளு, பொம்பளப்புள்ள பின்னாடியே வருது, திருப்பி அனுப்பு”ன்னாரு.

சித்தப்பா என்னையப் பாத்தாரு, போனப் பாத்தாரு. “வரட்டும்”னாரு.

பாலத்துல எறக்குனாக. போன எடுத்தேன். நாலு கோடும் நெறஞ்சு நின்னுச்சு. தம்பி பேரத் தேடி அமுக்குனேன். ரெண்டு தடவ வேற யாருக்கோ போச்சு. மூணாவது தடவ அவன் வந்தான். இந்தவாட்டி கட்டம் கட்டமா இல்லை, முழுசா வந்தான். தொப்பியக் கழட்டியிருந்தான். அப்பா மூஞ்சிக்கு நேரா போனத் திருப்பிப் பிடிச்சேன்.

கொட்டுக்காரரு ஒருத்தரு தானாவே கைய நிறுத்துனாரு. மத்தவுகளும் நிறுத்திட்டாக. தம்பி ஓன்னு அழுவான்னு நெனச்சேன். அழுகலை. பாத்துக்கிட்டே இருந்தான்.

“அக்கா”ன்னான். “அப்பா மூஞ்சில வெயிலடிக்குது. செத்த மறச்சு நில்லு.”

நாலு மணி வெயிலு நேரா மொகத்துல விழுந்துக்கிட்டுதான் இருந்துச்சு. நாங்க இம்புட்டுப் பேரு சுத்தி நின்னோம், ஒருத்தருக்கும் அது தோணலை. நான் நகந்தேன், நெழலு பத்தலை. சித்தப்பா கொள்ளிச் சட்டியக் கீழ வச்சுட்டு, தோள்த் துண்ட எடுத்து ரெண்டு கையாலயும் விரிச்சு அப்பா தலைக்கு மேல பிடிச்சாரு. 

“இன்னும் கொஞ்சம் எறக்கிப் பிடிங்க சித்தப்பா”ன்னான் தம்பி.

எறக்கிப் பிடிச்சாரு.

“நேரமாச்சு, ராகு காலம்”னு ஒரு கொரலு வந்துச்சு. யாரும் காதுல வாங்கலை. தூக்க வந்த நாலு பேரும் பாடையத் தொடாம, கையக் கட்டிக்கிட்டு போனப் பாத்து நின்னாக. எங்க வீட்டு ஆம்பளப்புள்ள சொல்லட்டும்னு நிக்கிற மாதிரிதான் நின்னாக.



“சரி சித்தப்பா. தூக்குங்க”ன்னான் தம்பி.