ஸ்பீக்கர் கம்பியும் துரைராஜின் ஜால்ராவும்

ஞாயிற்றுக்கிழமை காலை. தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, துரைராஜ் ஹைதராபாத் அல்வால் வீட்டுக் கூடத்தில் டிவி மேசைக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கிடந்தார். கையில் விரல் மொத்தத்துக்கு ஒரு புதுக் கம்பி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற கம்பி அது. இந்த வருஷத்தில் இது எத்தனையாவது என்று யாராவது கேட்டால் வீட்டில் சண்டை நிச்சயம்.

"சாப்பிட்டுட்டு வந்து படுங்களேன்" என்றாள் மனைவி கிரிஜா.

"என்ன முணுமுணுக்கறே? வாயைத் திறந்து பேசு."

அவள் முணுமுணுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத்தான் சொன்னாள்.

மனுஷருக்கு ஒரு வருஷமாகவே இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்து பாட்டைப் போடுவார், எழுந்து போய் ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பார், மறுபடி உட்காருவார், மறுபடி எழுவார். எல்லாம் ஒரு பழைய ஐயப்ப பஜனைப் பதிவுக்காக. அதில் ஜால்ரா போட்டது அவரேதான். அந்த வட்டாரத்தில் அவர் ஜால்ராவுக்கு ஒரு பேர் இருந்தது. இப்போது டோலக் கேட்கிறது, குரல் கேட்கிறது, ஜால்ராவை மட்டும் காணோம். கம்பி சரியில்லையென்றால் அது சத்தத்தைத் தின்றுவிடும் என்று இண்டர்நெட்டில் எவனோ சொல்லியிருந்தான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போதாக்குறைக்கு, போன வாரப் பஜனையில் குருசாமி எல்லார் எதிரிலும், "துரை, மெதுவாப் போடுப்பா, காது கிழியுது" என்று சொல்லிவிட்டார். இனி ஒரு தடவை அப்படி ஆனால் ஜால்ரா வேறொருவர் கைக்குப் போய்விடும். அதை நினைத்தாலே துரைராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

நாச்சாரத்தில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் அவர் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். காதை மூடிக்கொள்ள இயர் மஃப் கொடுத்திருந்தார்கள். அவருடையது ஆணியில் தொங்கித் தூசி படிந்தது. பிரஸ் அடிக்கிற சத்தத்தை வைத்தே அச்சு டை விரிசல் விட்டிருக்கிறதா என்று சொல்கிறவன்தான் பிரஸ்காரன் என்பது அவர் கட்சி. ஆட்களில் யாராவது அதைக் காதில் மாட்டிக்கொண்டால், "என்னய்யா, பாட்டுக் கேக்கறியா?" என்று கிண்டல் வேறு. மகள் பாடுவதையெல்லாம் போனில் பதிந்து வந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிற ஆபரேட்டர் சுனில்கூட, அந்தக் கிண்டலுக்குப் பயந்து கழற்றி வைத்துவிட்டான்.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் வர்ஷினி காபியோடு வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு டெஸ்ட் பண்ணலாமா? நீங்க கண்ணை மூடிக்கோங்க. நான் பழைய கம்பியும் புதுக் கம்பியும் மாத்தி மாத்திப் போடறேன். எது எதுன்னு சொல்லுங்க."

"ஹவ், சரி, செய். அப்பவாவது உங்களுக்குப் புத்தி வரட்டும்."

பாட்டு ஓடியது. "இது பழசு. ஒரே மந்தம்" என்றார். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஏதோ உருட்டும் சத்தம். மறுபடி பாட்டு. "ஆஹா! இதுதான் புதுசு. ஆர்மோனியம் எவ்வளவு தெளிவு பாரு!"

"அப்பா, நிஜங்கா சொல்றேன், நான் மாத்தவே இல்ல. ரெண்டு தடவையும் பழைய கம்பிதான். இந்தக் கூடத்து நீளத்துக்கு, கம்பி ரொம்ப மெல்லிசா இல்லாம இருந்தாப் போதும். அதுக்கு மேல எது போட்டாலும் ஒண்ணுதான்."

துரைராஜுக்கு முகம் சிவந்தது. "நக்கோ, வேணாம்! என்கிட்டயே விளையாட்டா? கம்பி சரின்னா என் ஜால்ரா எங்கே? சொல்லு, எங்கே?"

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கிரிஜா அவர் முன்னால் வந்து நின்று கை தட்ட ஆரம்பித்தாள். வர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். அவளும் தட்டினாள். இரண்டு பேர் கைகளும் ஒரே நேரத்தில் சேர்ந்தன, ஒரே நேரத்தில் பிரிந்தன. சரண வரி முடிகிற இடத்தில் சட்டென்று இரண்டு குட்டித் தட்டு.

அந்தக் குட்டித் தட்டு துரைராஜ் போடுவது. ஊரில் வேறு யாரும் அப்படிப் போடமாட்டார்கள். தன் தாளத்தை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை.

"உங்களுக்கு நெஜமாவே கேக்குதா?" என்றார். அவருக்குப் பயமாக இருந்தது.

கிரிஜா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரொம்ப நாளாச் சொல்றேன், காதைக் காட்டுங்கன்னு. கேட்டாத்தானே?"

மறுநாள் காது டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். வருஷக்கணக்கில் பட்ட இரைச்சலால், மெல்லிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் சக்தி பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது. கருவி வைத்தால் ஓரளவு உதவும். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் பிரஸ் ஷாப்பில் மிஷின்கள் ஓடத் தொடங்கும் முன், துரைராஜ் ஆணியிலிருந்து தன் இயர் மஃபை எடுத்துச் சட்டையில் துடைத்தார். சுனிலுடையதை அவன் கையில் கொடுத்தார். சுனிலும் தமிழ்க் குடும்பம்தான்.

"என்ன சார், பாட்டுக் கேக்கப் போறோமா?" என்று சிரித்தான் அவன்.

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். துரைராஜ் சிரிக்கவில்லை.

"கைக்கு, ஏன்னு கேக்கறியா? சொல்றேன். சத்தம் குறையுதுன்னு ஒரு வருஷமா ஸ்பீக்கர் கம்பியை மாத்திட்டிருந்தேன். குறைஞ்சது என் காது. கம்பி கெட்டா கடையில கிடைக்கும், காது கெட்டா எந்தக் கடையிலயும் கிடைக்காது. அதை மூடிக்கறது கோழைத்தனம் இல்ல. கேக்கலன்னு ஒத்துக்கறது அவமானமும் இல்ல. உங்களையெல்லாம் கிண்டல் பண்ணிக் கழட்ட வெச்சேனே, அதுதான் அவமானம்."

அவர் சுனிலின் தோளைத் தொட்டார்.

"என் ஜால்ராவை என் பொண்ணு கையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்டா. நாளைக்கு உன் பொண்ணு மேடையில பாடறப்போ, நீ அவ வாயைப் பார்த்துட்டு உக்காந்திருக்காதே. போடு."

சுனில் இயர் மஃபைக் காதில் மாட்டிக்கொண்டான்.