கமலநாதனின் ஈரல்

கமலநாதனுக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது என்று தெரிந்த அன்றே, அவன் குடிக்கிறான் என்று கிள்ளான் ஊரில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இந்த ஒரு நோயில் மட்டும் டாக்டரே தேவையில்லை. லோரிப் பட்டறையில் வேலை, ஆள் தமிழன், ஈரலில் கோளாறு; அப்புறம் என்ன விசாரணை?

ஊர் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். மனைவி உஷாராணியும் அப்படியே நினைத்ததுதான் அவனை அரித்தது. ஒரு காலத்தில் குடித்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. மகள் விஷ்ணுப்ரியா பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தபோது அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் குடியை விட்டான். அந்தச் சத்தியம் தவறினால் பிள்ளைக்கு ஆகாது என்று நம்புகிறவள் உஷாராணி. குடித்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, "அவரே ஒப்புக்கொண்டிட்டார், எப்பிடியாவது நிப்பாட்டப் பாருங்கோ" என்று சொல்லி, குடிப்பழக்கம் என்று கம்ப்யூட்டரிலும் பதிந்திருந்தார். வீட்டுக்கு வந்து கேட்டால், கமலநாதன் "நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?" என்றான். குடித்தது ஒரு குற்றம், பொய் இன்னொரு குற்றம் என்று கணக்கு இரண்டாகிவிட்டது. உஷாராணி பெட்டி கட்டினாள். செமினியில் அவள் அக்கா வீடு இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கமலநாதனின் தங்கை சந்திரகலா வந்து சேர்ந்தாள். அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். நச்சு ரசாயனங்கள் எலியின் ஈரல் செல்களை என்ன பாடு படுத்துகின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் உட்கரு, அந்த உட்கருவுக்குள் கருத்த மணிபோல நியூக்ளியோலஸ் என்று ஒன்று. அதை செல்லின் சமையலறை என்பாள் சந்திரகலா. புரதம் செய்கிற கருவிகள் அங்கேதான் உருவாகின்றன. ஒரு ரசாயனம் பட்டால் அந்த மணி ஊதிப்போகும். இன்னொன்று பட்டால் உள்ளே கலந்து கிடப்பதெல்லாம் பிரிந்து தனித்தனியாக ஒதுங்கிவிடும். நஞ்சை நிறுத்தினால் பல எலிகளில் மணி மெல்ல மெல்லப் பழைய உருவத்துக்கு வரும். அதைப் பார்க்கும்போது அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

எலிக்கு இவ்வளவு நியாயம் செய்கிறவள், சொந்த அண்ணன் விஷயத்தில் ஊரோடு சேர்ந்துகொண்டாள். டாக்டரே சொல்லிவிட்டாரே, பிறகென்ன! அண்ணனை நாலு வார்த்தை திட்டிவிட்டு அண்ணியைத் தடுத்து நிறுத்துவது என்ற திட்டத்தோடு ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்தாள்.

அவள் திட்ட ஆரம்பிக்கும் முன்பே கமலநாதனின் ஃபோன் அடித்தது. பட்டறையில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த பரமேஸ்வரன். அவன் ஃபோனில் பேசினால் ஸ்பீக்கரே தேவையில்லை.

"அண்ணே, தண்ணி தீந்துருச்சு லா! புது டிரம் எங்க வச்சீங்க?"

உஷாராணி நாத்தனாரைப் பார்த்தாள். "கேட்டுக்க கலா. ஞாயித்துக்கிழமைகூட விடல. அதுவும் டிரம்ல!"

சந்திரகலாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. மறு நொடியே என்னவோ உறுத்தியது.

"அண்ணி, டிரம்ல வச்சு எவன் குடிப்பான்? அண்ணே, அது என்ன தண்ணி?"

"சாமான் கழுவுற தண்ணி," என்றான் கமலநாதன், ஃபோனை வைத்தபடி. "எஞ்சின் சாமான் எல்லாத்தையும் அதுல முக்கி எடுத்தா கிரீஸ் சுத்தமா போயிரும். பட்டறைல எல்லாரும் தண்ணின்னுதான் சொல்லுவோம்."

"வாசனை வருமா?"

"இனிப்பா ஒரு வாசனை வரும். மதியத்துக்கு மேல தலை கிறுகிறுக்கும்."

"கிளவ்ஸ் போடுவியா?"

"போட்டா சாமான் வழுக்குது. வெறுங்கைதான்."

சந்திரகலா நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "டாக்டர் உன்ன என்ன கேட்டாரு? அவர் கேட்ட மாதிரியே சொல்லு."

கமலநாதன் யோசித்துச் சொன்னான். "'தண்ணி கிண்ணி பாவிப்பியளோ'ன்னு கேட்டாரு. டெய்லி டாக்டர், காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும்னு சொன்னேன். 'உடன விடவேணும்'னாரு. விட்டா வேலை போயிருமே டாக்டர்னேன். பெருமூச்சு விட்டாரு, பாவம்."

டாக்டர் திருச்செல்வம் யாழ்ப்பாணத்துப் பரம்பரை, தங்கமான மனிதர். வந்தவன் சிரமப்படக்கூடாதே என்று அக்கறையாகத் தமிழில் கேட்டிருக்கிறார். பாவிப்பது என்றால் உபயோகிப்பது என்றுதான் கமலநாதனும் சரியாகப் புரிந்துகொண்டான். ஆங்கிலத்திலோ மலாயிலோ கேட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் தமிழில் பேசியதில் ஒரு குடும்பம் தெருவுக்கு வரப் பார்த்தது.

சந்திரகலா சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். உஷாராணி சிரிக்கவில்லை. அவள் பாதிதான் நம்பினாள். செமினிக்குப் போகவில்லை, ஆனால் பெட்டி கதவோரத்திலேயே இருந்தது.

மறுநாளே டிரம்மில் ஒட்டியிருந்த லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கதையைக் கேட்ட டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏற்கெனவே எடுத்திருந்த ஈரல் துணுக்கின் படத்தைத் திரையில் போட்டார். சந்திரகலா எட்டிப் பார்த்தாள். உட்கருக்கள் உப்பிக் கிடந்தன. உள்ளே மணிகள் பெருத்துக் கோணல்மாணலாக இருந்தன. வருடக்கணக்காக எலிகளில் பார்த்த அதே கோலம் இப்போது அண்ணன் உடம்பில்.

"திரும்பிடும் அண்ணே," என்றாள், டாக்டரை முந்திக்கொண்டு. "அந்தத் தண்ணிய விட்டு விலகுனா இது திரும்பும் லா. நான் பாத்திருக்கேன்."

"எலியிலதானே பாத்தே?" என்றான் கமலநாதன்.

"நீ என்ன பெரிய யானையா?"

டாக்டர் அவனுக்கு விடுப்பு எழுதினார். கழுவுகிற வேலையிலிருந்து மாற்றச் சொல்லிப் பட்டறைக்கும் எழுதினார். முதலாளி முணுமுணுத்துவிட்டு அவனை ஸ்டோருக்கு அனுப்பினார். கழுவுகிற இடத்தில் மூடி போட்ட தொட்டியும் காற்றாடியும் வந்தன. பரமேஸ்வரன் திட்டிக்கொண்டே கிளவ்ஸ் மாட்டினான். கமலநாதனுக்கு மெல்லப் பசி எடுத்தது, கண்ணில் இருந்த மஞ்சள் வடிந்தது. இரண்டாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் எண்கள் நன்றாக இறங்கியிருந்தன.

"நல்லா வருது," என்றார் டாக்டர் மகிழ்ச்சியோடு. "இப்பிடியே போனா ஈரல் தன்ரை பாட்டுக்குத் தேறிவிடும்."

சந்திரகலாவுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. உஷாராணி மட்டும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததை இப்போது கேட்டாள்.

"அப்ப இவரு குடிக்கலைன்னு அந்த ஈரல் படத்த வச்சு நிச்சயமா சொல்லிரலாமா டாக்டர்?"

டாக்டர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்லை அம்மா. ரசாயனத்தாலும் ஈரல் கெடும், குடியாலும் கெடும். குடியை நிப்பாட்டினாலும் எண்கள் இறங்கும்தான். இவர் அந்த டிரம்மோடை வேலை செய்தவர் எண்டு தெரியும், அதனால அதுதான் காரணம் எண்டு நினைக்கிறன். ஆனா இவர் குடிக்கேல்லை எண்டு அந்தப் படம் சாட்சி சொல்லாது."

சந்திரகலாவுக்கு டாக்டர் மேல் எரிச்சல் பொங்கியது. ஆனால் அவர் சொன்னது நிஜம், அது அவளுக்கும் தெரியும். கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

உஷாராணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரின் கம்ப்யூட்டரைக் கையால் காட்டினாள்.

"படம் சொல்லாட்டி போகட்டும் டாக்டர். நான் சொல்றேன், அவரு குடிக்கல. அதுல குடிகாரன்னு எழுதியிருக்கீங்கள்ல, மொதல்ல அத அழிங்க."

ஈரலில் ஊசி இறக்கிச் சதை எடுத்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த கமலநாதன், அந்த இடத்திலேயே விம்மி விம்மி அழுதான்.