நடைவண்டி டாக்டர்

மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் அவரை எல்லோரும் நடைவண்டி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பக்கவாதத்தில் விழுந்தவர்களைக்கூட ஆறே மாதத்தில் சொந்தக் காலில் நிற்க வைத்துவிடுவார். "ஜெபம் பண்ணுங்க, வேண்டாங்கல. ஆனா காலைத் தூக்க வேண்டியது நீங்கதான்" என்பார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற மனிதர்தான்.

அவர் மனைவிக்கு நாற்பத்தாறு வயதானபோது கையிலிருந்து பாத்திரங்கள் நழுவத் தொடங்கின. பிறகு படியேறும்போது கால் இடறியது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய், மருந்து கிடையாது என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார்.

"பயிற்சி?"

"அளவோட. களைச்சுப்போக விடாதீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததையெல்லாம் அவர் ஒதுக்கி வைத்தார். வீட்டுக் கூடத்தில் பிடித்து நடக்க இரண்டு கம்பிகளைப் பதித்தார். காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம் அவளை நடக்க வைத்தார். அவள் ஒரு எட்டு கூடுதலாக வைத்தால் அன்று முழுக்க விசிலடிப்பார். குறைந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

"என்னங்க, இன்னைக்கு வேண்டாமே. பக்கத்துல உக்காந்து பைபிள்ல ஒரு சங்கீதம் வாசிங்க."

"வாசிக்கலாம். முதல்ல நாலு எட்டு வை."

மூன்றாவது எட்டில் அவள் முழங்கால் மடிந்தது. அவர் தாவிப் பிடிப்பதற்குள் தரையில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

சுவாசத் தசைகளும் தளர்ந்துவிட்டதால் அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டாள் என்றார்கள் மருத்துவர்கள். வேறு மருத்துவமனை, வேறு நிபுணர் என்று தாழ்வாரத்தில் நின்று போன் மேல் போன் போட்டார். அவளுடைய அண்ணன் வந்து போனை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, யார்கூட மல்லுக்கு நிக்கிறீங்க? உள்ள போங்க. அவ உங்களத்தான் கேக்குறா."

கட்டிலருகே போய் உட்கார்ந்தார். "நான்தான் உன்னைக் கீழ தள்ளிட்டேன்."

"தள்ளல. விடத்தான் மாட்டேங்குறீங்க." மூச்சு வாங்க நிறுத்தினாள். "ஜெபம் பண்ணுங்க."

"என்னன்னு கேக்குறது?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம். என்னை அவர் கையில குடுங்க."

எத்தனையோ கால்களைத் தூக்கிவிட்ட கைகளுக்குள் அவள் விரல்களைப் பொத்திக்கொண்டார்.

"ஆண்டவரே, என்னால முடியல. எனக்கு ஒண்ணும் புரியவும் இல்ல. இவளை நீர் பார்த்துக்கும்."

அவ்வளவுதான் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். அவர் அவளை எதற்கும் வற்புறுத்தவில்லை. உதட்டை நனைத்துவிட்டார், கேட்ட சங்கீதங்களை வாசித்தார். கல்யாணமான புதிதில் அவர் சமைத்துக் கரியாக்கியதைச் சொல்லி ஒருநாள் சிரிக்கவும் செய்தாள். பன்னிரண்டாம் நாள் நண்பகலில், வாசித்துக்கொண்டிருந்த பகுதியை முடித்து நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

அடக்கத்துக்கு மறுவாரம் ஆலயத்தில், ஜெபம் தேவைப்படுகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் போதகர். டாக்டர் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆண்டவர் அவளை ஏன் எடுத்துக்கொண்டார் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை, கோபமும் தீரவில்லை. ஆனாலும் போவதற்கு வேறு இடம் இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"எனக்காக" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதார்.

பின்னாலிருந்து மனைவியின் அண்ணன் வந்து அவர் தோளை அணைத்துக்கொண்டார். சபை ஜெபித்தது.