இருக்கை மரியாதை

கெம்போரா அரசர் விருது கொடுத்த வியாழக்கிழமை மதியத்திலிருந்து, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சிவராஜ் முன்னால் யாராலும் உட்கார முடியாமல் போனது. கெம்போரா, ஆப்பிரிக்க மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன அரசு. அதன் முடிசூட்டு விழாவுக்கு, சிவப்பு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு பட்டுப் போர்வையைச் சிவராஜும் மனைவி கலைவாணியும் நெய்து அனுப்பியிருந்தார்கள். கரை வேறு நிறம் என்றால் அதை உடலோடு பின்னிச் சேர்க்கும் கோர்வை போட வேண்டும். தறியில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து, உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் என்று ஊடுநூல் ஓட்டும் நாடா போட வேண்டும். இது தெரியாமல் கெம்போரா அரண்மனையிலிருந்து ஓர் அம்மையார் ஒரே ஒரு பதக்கத்தோடு வந்து இறங்கினார். அந்த நாட்டின் உச்ச மரியாதை அது. அதைப் பெற்றவர் உட்காரலாம், மற்றவர்கள், அரசரே ஆனாலும், அவர் முன்னால் நிற்க வேண்டும். பதக்கத்தைச் சட்டையில் குத்தியதும் வீதிக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். சிவராஜுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எழுந்தவர்களுக்கு அதன்பிறகு அவர் முன்னால் உட்கார முட்டி மடங்கவில்லை.

முதல் வாரம் ஊருக்கே வேடிக்கைதான். பிறகு ஒருநாள் ஓரிக்கை போகிற பஸ்ஸில் ஏறினார். டிரைவர் உட்பட எல்லாரும் எழுந்து நிற்க, கண்டக்டர், "பெரியவரே, கோச்சிக்காதீங்க, எறங்கிக்கோங்க" என்று கைகூப்பினார். பால்ய சிநேகிதர் வீரபாகு, "உன்கூடப் பேசிக்கினு இருந்தா காலு வலிக்குதுபா" என்று சொல்லி வருவதையே நிறுத்தினார். சிவராஜ் பதக்கத்தைக் கழற்றிப் பெட்டியில் பூட்டினார். பலனில்லை. மரியாதை ஆளோடு ஒட்டிக்கொண்டது, சாகிறவரை போகாது என்று அம்மையார் போனில் சொன்னார், அவரும் நின்றுகொண்டுதான். படுக்கலாம், சாயலாம், தடையில்லை, உட்காரத்தான் கூடாது.

கலைவாணி நின்றே சமைத்தாள், நின்றே சாப்பிட்டாள், குனிந்து நின்றே கரைக்கு நாடா போட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. தென்னேரியிலிருந்து மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள். மனசு கேட்காமல் சிவராஜ் ஒருநாள் சைக்கிள் மிதித்துக்கொண்டு அங்கே போனார். அப்போதுதான் உட்காரப் பழகியிருந்த பேரன், தாத்தா வாசலில் கால் வைத்ததும் கவிழ்ந்து விழுந்து வீறிட்டான். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார். கோர்வையைத் தனியாகப் போட்டுப் பார்த்தார். உடல் ஒருபக்கமும் கரை ஒருபக்கமுமாக விலகியே நின்றன. தறிமேட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு அழுதார்.

தை மாதம் வீதியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். தோண்ட வந்த முனிரத்தினம், மார்பளவு ஆழத்தில் நின்றபடி, வாசற்படியில் உட்கார்ந்திருந்த சிவராஜிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பேச்சு மாமியார் வீட்டுச் சண்டை, மகன் படிப்பு என்று நீண்டது. வெகுநேரம் கழித்துத்தான் சிவராஜுக்கு உறைத்தது: இருவர் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன. கெம்போரா சட்டத்துக்கும் ஒரு குறையில்லை.

அன்றைக்கே முனிரத்தினத்தை வீட்டுக்குள் அழைத்துவந்து, நெய்யும்போது கால் தொங்கப்போடும் தறிக்குழியில், கலைவாணி உட்காரும் வலப்பக்கத்தை ஆழமாக்கச் சொன்னார். பின்சுவரைச் சரிவாகச் செதுக்கி மெத்தை பரப்பினார். பின்னாளில் வீரபாகுவும் தன் வாசலில் ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டார். இன்றைக்கும் அதில் இறங்கி நின்றுதான் சிநேகிதரோடு டீ குடிக்கிறார்.

"கௌம்பி வாம்மே. நீ நிக்கறதுக்கு எடம் பண்ணி வெச்சிகீறேன்" என்று சிவராஜ் தென்னேரியிலிருந்த கலைவாணிக்குப் போன் போட்டார்.

"நின்னு நின்னுதான் காலு இப்டி ஆச்சு. இன்னும் நிக்கணுமா?"

"சாஞ்சிக்கினு நிக்கலாம். வந்து பாரு."

பங்குனியில் கலைவாணி வந்தாள். குழியில் இறங்கி, சரிவில் முதுகைச் சாய்த்து, கரை நாடாவைக் கையில் எடுத்தாள். அவள் தோள் அவர் தோளுக்குச் சரியாக இருந்தது. சிவராஜ் தறியை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்கற? கொஞ்சம் தள்ளி ஒக்காருய்யா, எடம் பத்தல" என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார்.