சரக்கில் உட்காராதவர்

கோட்டைச் சுவரை ஒட்டி வளைந்து போகும் அந்தப் பழஞ்சாமான் கடைத் தெருவில் முந்நூறு வருஷத்துக் கதவும் கிடைக்கும், முந்தாநாள் செய்து புகை காட்டிப் பழசாக்கிய கதவும் கிடைக்கும். வாங்குகிறவன் சாமர்த்தியம். தையல்காரிக்கு அந்தக் கவலை இல்லை. அவளுக்கு வேண்டியது, அவள் அப்பா உட்காருகிற மாதிரி ஒரு பெஞ்சு.

அப்பா ஆயுசெல்லாம் பீரோவும் கட்டிலும் சுமந்தவர். ஞாபகம் கலைந்துபோன பிறகு மகள் வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து உட்காரவில்லை. லோடுமேன்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: தூக்குகிற சரக்கில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவன் செவுளில் அப்பாவே அறைந்திருக்கிறார். இப்போது அவர் கண்ணுக்கு மகள் வீட்டு நாற்காலி, சோபா எல்லாமே யாரோ ஒருத்தருடைய சரக்கு. தோளில் துண்டோடு பகல் முழுக்கக் கதவோரம் நிற்பார். தரையில் உட்கார முட்டி மடங்காது. அசந்து சுவரோடு சரிந்த பிறகுதான் படுக்கவைக்க முடியும். கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கிவிட்டன. இப்படியே நின்றால் புண் வரும், வந்தால் ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பழைய காலத்துச் சாமானாக இருந்தால் உட்காருவாரோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஏறிய மூன்றாவது கடையில், கடைக்காரம்மா சித்திர வேலைப்பாடுள்ள ஒரு பெஞ்சைத் துடைத்துவிட்டாள். "இதுல ஒரு ஜட்ஜு உட்காந்திருந்தாராம். நீங்களும் உட்காருங்க பெரியவரே."

அப்பா குனிந்து அதன் காலைத் தட்டிப் பார்த்தார். "கனமான சரக்கு. படியில இறக்க மூணு பேர் வேணும். ஜட்ஜு எங்க, ஒரு கை குடுப்பாரா?"

கடைக்காரம்மா சிரித்தாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு பெஞ்சு இருக்கிறதா என்று கேட்டுத் திரும்பினால் அப்பாவைக் காணோம்.

பதறிப்போய்ப் பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே லோடு வண்டி நிற்கும் இடத்தில், ஒரு காலுக்குப் பதில் செங்கல் முட்டுக் கொடுத்த மொட்டைப் பலகை பெஞ்சு. அதில் கடையின் லோடுமேன்கள் இரண்டு பேர், அவர்களுக்கு நடுவில் அப்பா. உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி, கண்ணைப் பாதி மூடி.

தையல்காரி அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். பின்னாலேயே வந்த கடைக்காரம்மாவிடம், "இது என்ன விலைங்க?" என்றாள்.

"இதா? இது அடுப்புக்குப் போக வேண்டியது." தையல்காரியின் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரம்மாவின் பேச்சு மாறியது. "ஆனா மரம் பழைய மரம். இப்பல்லாம் கிடைக்காது."

"எங்களையும் சேத்து வித்துடுங்கம்மா, நாங்களும் பழசுதான்" என்றான் லோடுமேன்களில் தொப்பைக்காரன். முனகிக்கொண்டே இருவரும் எழுந்தார்கள், பெஞ்சைத் தூக்க.

அவர்கள் எழுந்ததும் அப்பாவும் எழுந்தார். துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தார். பெஞ்சின் ஒரு முனையை அவரே பிடித்தார். "எந்த வீட்டுக்கும்மா?" என்று மகளையே கேட்டார்.

அவ்வளவுதான், பெஞ்சு சரக்காகிவிட்டது. இனி இதை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டாலும் பக்கத்தில்தான் நிற்பார். தையல்காரிக்கு அது அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

"கீழ வைங்கண்ணே. எனக்கு வேண்டாம்."

"வேண்டாமா? விலையே இன்னும் சொல்லலையே" என்றாள் கடைக்காரம்மா.

லோடுமேன்கள் பெஞ்சை இறக்கி, செங்கலைச் சரி பண்ணி, பழையபடி உட்கார்ந்தார்கள். தொப்பைக்காரன் வயிற்றை எக்கி இடம் விட்டான். அப்பாவும் உட்கார்ந்தார்.

அவள் தொப்பைக்காரனிடம் போய் நின்றாள். கேட்க வாய் கூசியது. கேட்டாள். "அண்ணே, பகல்ல நான் வேலைக்குப் போற நேரம், அப்பா இங்க உங்ககூட இருக்கட்டுமா? சாப்பாடு கட்டிக் குடுத்துடுவேன். அவர் எதையும் தூக்காம மட்டும் பாத்துக்கங்க."

"தூக்காம இருக்கறதுக்கு இங்க ஏற்கெனவே ஆள் இருக்கான்" என்று மற்றவனைக் காட்டினான். பிறகு கடைக்காரம்மாவைப் பார்த்தான். அவள், "பலகை தாங்கினா சரி" என்று உள்ளே போனாள். தொப்பைக்காரன் ஒரு கோணியை மடித்து அப்பாவின் வீங்கிய கால்களுக்கு அடியில் தள்ளினான்.

"அப்பா, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் ஆளைத் தெரிந்த பார்வை. "சாயங்காலம் லோடு இருக்கும் பாப்பா. எனக்காகக் காத்திருக்காத. சாப்பிட்டுப் படு."

"சரிப்பா" என்றாள்.